சென்டருக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை

நான் ஓய்வு பெற்ற பிறகும் சென்டரில், அதாவது எங்கள் கடைத்தொகுதியில், வேலை செய்கிறவர்கள் என்னை விடுவதாயில்லை. ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, பெரிய நடைவழியில் சனம் உட்காரும் வாங்குகளுக்கு ஏன் சில்லுப் பூட்டியிருக்கிறது என்று கேட்கிறார். இன்னொருவர், அந்த வழியின் இரு முனையிலும் வைக்கோல் வண்டி புகக்கூடிய உயரத்தில் ஏன் கதவு வைத்திருக்கிறது என்கிறார். கட்டடக் கலைஞருக்கு அன்று காய்ச்சலோ என்று கேட்டவரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி என் வாய் உளைகிறது. ஆகையால் எழுதிவைக்கிறேன். இனி யாரும் கேட்டால் இதைக் கொடுத்துவிட்டு என்னை நிம்மதியாகக் கோப்பி குடிக்க விடுங்கள்.

கிழக்கு பெர்லின் பக்கத்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, அங்கிருந்து அகதிகளைப் பிரித்து அனுப்பியபோது டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தவன் நான். அந்தக் கதையை இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களில் யாரைக் கேட்டாலும் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். மொழி படித்தேன். மின்சார வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தேன். பயிற்சி முடிந்த கையோடு சென்டரின் தொழில்நுட்பப் பகுதியில் சேர்ந்தேன், பிறகு வேறெங்கும் போகவில்லை.

நான் சேரும்போது அதைச் சென்டர் என்று சொல்லவே வெட்கமாக இருக்கும். நகரத்துக்கு வெளியே கிழங்கு வயல்களின் நடுவே நீளமான ஒரு கொட்டகை. ஒரு முனையில் பலசரக்குக் கடை, மறுமுனையில் ஆணியும் பலகையும் விற்கும் கடை, நடுவில் சப்பாத்து, செருப்புத் திருத்தும் ஒருவர். கார் நிறுத்தும் இடம் மட்டும் ஓர் ஊர் அளவுக்கு இருந்தது. பிறகு நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டன, நகரத்துக் கடைகள் வெறுமையாகின, சனம் காரை எடுத்துக்கொண்டு எங்களிடம் வரத் தொடங்கியது. சென்டர் வளர்ந்தது. வளர்ந்தது என்றால் பிள்ளை வளர்வதுபோல அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கட்டடக் கலைஞர் வந்து, முந்தியவர் ஒரு மடையன் என்று சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஒன்றைக் கட்டி ஒட்டிவிட்டுப் போவார். எந்தத் தளமும் எந்தத் தளத்தோடும் சமமாகச் சேராது. மாடியில் சினிமாக் கொட்டகை வந்தது. அதற்கு ஏறும் மின்படி முதல் ஒரு வருடம் இறங்க மட்டுமே செய்தது.

இப்படி நீட்டிக்கொண்டே போனபோது குறுக்கே ஃபிராவ் டீக்மனின் காணி வந்தது. அவர் ஒரு விவசாயப் பெண்மணி, தனியாள். வீடும் தொழுவமும் ஒரு பக்கம், உருளைக்கிழங்கு வயல் மறுபக்கம், இரண்டையும் இணைத்து அவருடைய பாட்டனார் காலத்து வண்டிப்பாதை. நடுவில் இருந்த துண்டை விற்கச் சம்மதித்தார். பாதையை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. பாதையில்லாமல் வயலுக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அந்த உரிமை காணிப் பதிவிலும் ஏறியிருந்தது, இந்த நாட்டில் அதைக் கடவுளாலும் அழிக்க முடியாது. கடைசியில் ஜேர்மன்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு தீர்வு பிறந்தது. பாதை இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் மேல் கண்ணாடிக் கூரை போட்டு, பளிங்குக் கல் பதித்து, இரு பக்கமும் கடை வைப்பார்கள். ஃபிராவ் டீக்மன் தேவைப்படும்போது தன் உழவு இயந்திரத்தை அதற்குள்ளால் ஓட்டிப் போவார்.

சுற்றிப் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சென்டரைச் சுற்றி ஓடுவது அதிவேக வீதியில் ஏறும் பாதை, அதில் உழவு இயந்திரத்துக்குத் தடை. அத்தோடு அவருடைய இயந்திரத்துக்கு இலக்கத் தகடே கிடையாது. தகப்பன் வாங்கிய நாளிலிருந்து சொந்தக் காணியைத் தாண்டாத வண்டி அது. ஆகவே வீதியில் ஓட்டினால் குற்றம். வாசனைத் திரவியக் கடைக்கும் சப்பாத்துக் கடைக்கும் நடுவே ஓட்டினால் சட்டப்படி சரி.

எங்கள் முகாமையாளர் ஹெர் ஆஷோஃப். மெல்லிய குரல், எந்த நாளும் சாம்பல் நிறக் கோட். கோபம் வந்தால் குரல் இன்னும் மெலியும், முற்றிய கோபத்தில் உதடு மட்டும் அசையும். உழவு இயந்திரம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. "கடப்பு" என்பார். கடப்பு நாளுக்கென்று அவரே ஒரு நடைமுறை வகுத்திருந்தார். அதன்படி அன்றைய கட்டளைகள் யாவும் வோக்கி டோக்கியில் மட்டுமே கொடுக்கப்படும். நான் கை எட்டும் தூரத்தில் நின்றாலும் அவர் கருவியை வாயருகே தூக்கி, என் பெயரைச் சொல்லி, "குணம், கேட்கிறதா, ஓவர்" என்பார். அந்தக் குரல் முதலில் அவர் வாயிலிருந்தும் பிறகு என் இடுப்பிலிருந்தும் வரும். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே என் கருவியைத் தூக்கி, கேட்கிறது என்பேன். அவர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அவர் சிரிக்காததால் நானும் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன், அது லேசான வேலையல்ல.

இரண்டு நாளுக்கு முன்னால் அறிவித்தல் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். ஃபிராவ் டீக்மன் தகவல் மேசைக்கு வந்து, அங்கே இருக்கும் பெண்ணிடம் "நாளை மறுநாள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார், அவ்வளவுதான் அறிவித்தல். சென்டர் பரபரக்கத் தொடங்கும். நான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, புகை மணி அடிக்காதபடி அந்தப் பகுதி உணரிகளை நிறுத்துவேன். கடைக்காரர் வெளியே அடுக்கிய சாமான்களை உள்ளே இழுப்பார்கள். சில்லு வாங்குகளை ஓரத்துக்கு உருட்டுவோம். அதில் யாராவது உட்கார்ந்தபடி நித்திரையாகியிருந்தால் அவரையும் சேர்த்தே மெதுவாக உருட்டுவோம், எழுப்பினால் முறைப்பாடு வரும். பிறகு ஒலிபெருக்கியில் ஆஷோஃப் எழுதிய அறிவித்தல் போகும்: அன்பான வாடிக்கையாளர்களே, பெரிய நடைவழியில் சிறிது நேரத்தில் விவசாயப் போக்குவரத்து இடம்பெறும், தயவுசெய்து ஓரமாக ஒதுங்கித் தொடர்ந்து பொருட்களை வாங்குங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு சிவப்புக் கொடியோடு இயந்திரத்துக்கு முன்னால் ஒருவர் நடக்க வேண்டும். கொடி நடந்தால் வண்டி நடக்கும், கொடி நின்றால் வண்டி நிற்கும். அந்தக் கொடிக்காரன் நான்தான்.

முதல் கடப்பில் நடந்ததை எழுதாமல் விடுவது சரியல்ல. துப்புரவுப் பகுதியில் அப்போது முழுக்க எங்கள் ஆட்கள். தலைவி ராசமணி அக்கா. கட்டளை போடுவதற்கென்றே பிறந்தவர், ஆஷோஃப்கூட அவர் துடைத்த நிலத்தை மிதிக்க முன்னால் அவர் முகத்தைப் பார்ப்பார். அன்று அக்கா பார்த்தது என்ன? முன்னால் கொடி, பின்னால் பெரியதொன்று ஆடி அசைந்து வருகிறது, இரு கரையிலும் சனம் விலகி நிற்கிறது. உடம்பில் ஊறிய பழக்கம் வேலை செய்துவிட்டது. எங்கள் ஊரில் தேர் வரும் வீதியில், வெறுங்காலோடு வருகிறவர்களுக்குச் சுடாமலிருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார்கள். அக்காவும் அவருடைய பெண்களும் வாளி வாளியாக ஊற்றிவிட்டார்கள். அது போதாதென்று தண்ணீரில் சவர்க்காரமும் இருந்தது.

பளிங்குக் கல்லில் உழவு இயந்திரம் சறுக்குவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் திரும்பி, யாரோ அழைத்ததுபோலச் சப்பாத்துக் கடைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. ஃபிராவ் டீக்மன் இருக்கையை விட்டு இறங்கவில்லை. கை எட்டும் தூரத்தில் தொங்கிய றப்பர் சப்பாத்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, தன் அளவு இருக்கிறதா என்று கடைப் பெண்ணிடம் கேட்டார். இருந்தது, வாங்கிக்கொண்டார். ஆஷோஃப் கருவியைத் தூக்கி, தண்ணீர் யாருடைய நடைமுறை என்று என்னிடம் கேட்டார். எங்கள் சமயத்தினுடையது என்றேன். அடுத்த முறை சமயம் உலர்வாக நடக்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் பழகிப்போனது. வசந்தத்தில் விதைக்கிழங்கோடு அந்தப் பக்கம், இலையுதிர் காலத்தில் விளைச்சலோடு இந்தப் பக்கம். ஒருமுறை எரு ஏற்றிப் போனார். வாசனைத் திரவியக் கடைக்காரர் ஆஷோஃபிடம் ஓடிவந்து குதித்தார், ஆனால் அன்று அவருக்கு வழக்கத்தைவிட நல்ல வியாபாரம் என்று பிறகு கேள்விப்பட்டேன். சனம் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பார்க்க வந்தது. அப்படி வந்த கூட்டத்தால் சென்டர் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது என்றுகூடச் சொல்லலாம், ஆஷோஃப் ஒப்புக்கொள்ள மாட்டார்.

காலம் மாறியது. சனம் வீட்டிலிருந்தபடியே கணினியில் பொருள் வாங்கப் பழகியது. கடைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. சினிமாக் கொட்டகையும் மூடி, அதை விழா மண்டபமாக்கி வாடகைக்கு விட்டார்கள். எங்கள் ஆட்களின் கலியாணங்கள் அங்கேதான். பிறகு சென்டர் கைமாறியது. புதிய முதலாளிகளுக்குச் சனத்தைத் திரும்ப இழுக்க ஒரு யோசனை இருந்தது. பெரிய நடைவழியின் நடுவே கூரையிலிருந்து விழும் ஒரு நீர்வீழ்ச்சி. அதற்குப் பாதை உரிமை இடைஞ்சல்.

பழைய காணி உறுதிப் பத்திரத்தில் அவர்கள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த வரிதான், ஒருவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளில் பொழுது சாயுமுன் அந்த ஆண்டின் விளைச்சல் பாதையைக் கடந்து வீடு சேரவேண்டும். சேராவிட்டால் உரிமை அற்றுப்போகும். ஒவ்வொரு ஆண்டும் அதற்கு வெகு முன்னதாகவே கிழங்கு வந்துவிடும். அந்த ஆண்டு மழை விடவில்லை, வயல் சேறாகிக் கிடந்தது. ஃபிராவ் டீக்மனுக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை வேறு. ஊன்றுகோலோடு தகவல் மேசைக்கு வந்து சொல்லிவிட்டுத் திரும்பும்போது என்னிடம் நின்றார்.

"கிழங்கு போகாவிட்டால் நான் போகவேண்டும், குணம்" என்றார். அவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் சொந்த விடயம் பேசியது அதுதான் முதல் தடவை. பாதையில்லாத வயலை முதலாளிகளைத் தவிர வேறு யார் வாங்குவார்கள்?

மார்ட்டின் திருநாள் சனிக்கிழமையில் வந்தது. முதலாளிகள் சட்டம் படித்த ஒரு பிரதிநிதியை அனுப்பியிருந்தார்கள். கணுக்கால் தெரியும் காற்சட்டை, காலுறை இல்லை. நவம்பர் குளிரில் எங்கள் ஊர்க்காரனைப்போலக் கால் தெரிய நின்றவரை முதலில் பார்த்து நான் இரக்கப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கொடியோடு முன்னால் நடந்தேன். பின்னால் இழுவைப் பெட்டி நிறையக் கிழங்கு. வண்டி சரியாக நடைவழியின் பாதிக்கு வந்ததும் ஒரு இருமல் இருமி நின்றது. ஃபிராவ் டீக்மன் மறுபடி மறுபடி முடுக்கினார். நான் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அது ஓடப்போவதில்லை. வேறு வாகனத்தால் இழுக்கலாமா என்று கேட்டேன். உரிமை அவருடைய வண்டிக்கு மட்டும்தான், அந்நிய வாகனம் உள்ளே வரக்கூடாது என்றார் பிரதிநிதி. சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சம் மங்குவதைப் பார்த்துச் சிரித்தார். கொடிக்கம்பால் ஒன்று போடவேண்டும் போல இருந்தது.

அன்று மேலே மண்டபத்தில் ராசமணி அக்காவின் மகளுக்குக் கலியாணம். தாலி கட்டியாயிற்று. சாப்பாடு கொண்டுவரும் வான் எங்கேயோ நெரிசலில் மாட்டிக்கொண்டதால் சனமெல்லாம் பசியோடு மாடிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே நடக்கிற புதினத்தை வேடிக்கை பார்த்தது. மின்படியில் அக்கா இறங்கி வந்தார், பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை.

"என்ன தம்பி, நடுவழியில நிக்குது?"

விடயத்தைச் சொன்னேன். இருட்டுக்குள் போகாவிட்டால் காணி போய்விடும் என்றேன். அக்கா, அழுக்கான நிலத்தை அளப்பதுபோல நடைவழியின் மிச்சத் தூரத்தைக் கண்ணால் அளந்தார்.

"எங்கட ஆக்கள் மேல சும்மாதானே நிக்கினம்" என்றார்.

மணவறைச் சோடனை ஏற்றிவந்த லொறியில் பாரம் கட்டும் நாடாக்கள் இருந்தன. அவை வந்தன. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இறங்கினார்கள். ஒருவரும் சொல்லாமலே எல்லோரும் சப்பாத்தையும் செருப்பையும் கழற்றினார்கள், தேர் வடம் பிடிக்கிறவன் சப்பாத்தோடு பிடிப்பானா? மாப்பிள்ளை பகுதி வேதக்காரர், கிறிஸ்தவர்கள், அவர்களும் கழற்றினார்கள். வெறுங்கால் பளிங்கில் நன்றாகப் பிடிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சப்பாத்துக் கடை வாசலில் குவிந்த சப்பாத்துகளைக் மலிவு விற்பனை என்று நினைத்து இரண்டு பெண்கள் கிண்டத் தொடங்கினார்கள். அக்கா குரல் கொடுத்தார். நாடா இறுகியது. வண்டி முனகியது, பிறகு மெல்ல உருண்டது. நான் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

பிரதிநிதி பாய்ந்து வந்து பாதையின் நடுவில் நின்றார். கையில் உறுதியின் பிரதி. வண்டியும் இழுவை விலங்குகளும் அல்லது அவற்றுக்குப் பதிலாக வரும் இயந்திரமும் கடக்கலாம் என்றுதான் இதில் இருக்கிறது, மனிதர் இழுக்கலாம் என்று இல்லை, இந்தக் கடப்பு செல்லாது என்றார். ஆஷோஃப் அதை வாங்கி வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கருவியைத் தூக்கி, கொடியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எனக்கு முன்னால் நின்று, என் கண்ணைப் பார்த்து, கருவிக்குள் கேட்டார்:

"குணம், இழுக்கிறவர்கள் வாடிக்கையாளர்களா, இழுவை விலங்குகளா, ஓவர்."

என் இடுப்பிலிருந்தும் அதே கேள்வி வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த நாட்டில் எங்களை என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். விண்ணப்பதாரி என்றார்கள், நாடற்றவர் என்றார்கள், பொறுத்துக்கொள்ளப்படுகிறவர் என்றுகூட ஒரு வகை இருந்தது. இது மட்டும்தான் மிச்சமாக இருந்தது. ஆனால் ஆஷோஃபின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. அந்த மனிதர் எங்களுக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், அது தொழுவத்துக் கதவு என்பதுதான் கரைச்சல்.

என் ஆட்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. திரும்பி, கேட்டதை அப்படியே தமிழில் சொன்னேன். மாப்பிள்ளையின் சித்தப்பா, டொக்டர், கையிலிருந்த நாடாவைக் கீழே போட்டார்.

"ஏலாது. இதுக்கோ நான் படிச்சனான்?"

இன்னும் சிலரும் கையை விட்டார்கள். ராசமணி அக்கா விடவில்லை.

"மாடெண்டே சொல்லுங்கோ தம்பி" என்றார். "மனிசரெண்டு எழுதின நேரம் என்னத்தைக் கிழிச்சவை? இந்த மனிசிக்குத் தோட்டம் மிஞ்சுமெண்டால் நான் மாடுதான். டொக்டருக்கு ஏலாட்டி அவர் மேல போய்ச் சாப்பாட்டைப் பாக்கட்டும்."

டொக்டர் ஒருமுறை மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து நாடாவை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். நான் கருவியைத் தூக்கினேன்.

"இழுவை விலங்குகள், ஓவர்."

இவர்கள் மனிதர் என்பது கண்ணுக்குத் தெரிகிறதே என்று பிரதிநிதி கத்தினார். ஆஷோஃபின் குரல் நூலளவுக்கு மெலிந்தது. அவர்களே அறிவித்துவிட்டார்கள், மறுப்பதானால் ஒவ்வொருவராக நிரூபியுங்கள் என்றார். பிரதிநிதி, பட்டும் நகையுமாக நின்ற அக்காவைப் பார்த்தார். எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது ஃபிராவ் டீக்மன் இருக்கையிலிருந்து இறங்கினார். என் தோளைப் பிடித்து, ஒவ்வொரு காலாக, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, ஊன்றுகோலோடு முன்னால் நடந்துபோய் ராசமணி அக்காவுக்குப் பக்கத்தில் நாடாவைப் பிடித்தார்.

"என்னையும் சேர்த்து எழுதுங்கள், ஹெர் ஆஷோஃப்" என்றார். பிறகு பிரதிநிதியிடம், "இது பாதை. பாதையில் நிற்கக் கூடாது" என்றார்.

பிரதிநிதி விலகினார். இப்போது சுக்கானைப் பிடிக்க ஆளில்லை. கொடியை விட்டு நான் நகர முடியாது. ஆஷோஃப் சாம்பல் நிறக் கோட்டோடு இருக்கையில் ஏறி உட்கார்ந்து, நிறுத்தும் கட்டை எது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். ராசமணி அக்கா மறுபடி குரல் கொடுத்தார். வண்டி உருண்டது. கதவைத் தாண்டி, சரளைக் கல்லில் ஏறி, தொழுவத்து முற்றத்தில் போய் நின்றபோது சூரியன் அதிவேக வீதியின் மதிலுக்கு மேல் இன்னும் ஒரு முழம் மிச்சமிருந்தது. சனம் தன்னையறியாமல் அரோகரா போட்டது. ஃபிராவ் டீக்மன் கிழங்குப் பெட்டியில் முகத்தை வைத்து அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

ஆஷோஃப் இருக்கையில் இருந்தபடியே அறிக்கை எழுதினார். கடப்பு நிறைவுற்றது, விலங்குகளில் ஒன்று காணி உரிமையாளர், எதுவும் யாரையும் கடிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் நீர்வீழ்ச்சி பற்றிப் பேசவில்லை, பாதை இன்றும் ஃபிராவ் டீக்மனுடையதுதான். ஆனால் அன்று அந்த அறிக்கையில் பிரதிநிதியும் ஒப்பமிட வேண்டியிருந்தது. தாளை வைக்க மேசை இல்லாமல் அவர் அந்தரப்பட்டு அங்கும் இங்கும் பார்த்தார். டொக்டர் அவருக்கு முன்னால் போய், கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, குனிந்து முதுகைக் கொடுத்தார்.

"ஆறுதலாக எழுதுங்கள்" என்றார் நல்ல ஜேர்மனில். "மாடு அசையாது."